சுவரோரம் வைக்க அரளியா, செம்பருத்தியா?

பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டுவோர் பலர் கேட்கும் கேள்வி இது. இரண்டுமே நட்டவர் கைவிட்டாலும் எளிதில் சாகாத செடிகள்.

செலவு: இரண்டுக்கும் அநேகமாக இல்லை. தெரிந்தவர் வீட்டில் முற்றிய குச்சி ஒன்றை வாங்கி, ஐப்பசி மழையை ஒட்டி நட்டால் வேர்பிடித்துவிடும்.

வறட்சி: அரளி இலையின் மூச்சுத்துளைகள் அடிப்புறத்துக் குழிகளுக்குள், நுண்ணிய மயிர்களின் மறைவில் இருப்பதால், அக்கினி நட்சத்திர வெயிலிலும் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை, நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அது பூத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். செம்பருத்தியோ மண் காய்ந்தால் மொட்டுகளை உதிர்த்துவிடும். ஆயினும் பட்டுப்போனதாகத் தோன்றும் செடியைக்கூட உடனே பிடுங்கிவிட வேண்டாம். பட்டையைச் சற்றே கீறிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால், முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தண்ணீர் விடுங்கள், பெரும்பாலும் துளிர்க்கும்.

பராமரிப்பு: அரளியை ஆடுமாடு பொதுவாகத் தொடாது. செம்பருத்தியை ஆடு விடாது. நுனிக்கொழுந்தில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பும், அதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும்.

பாதுகாப்பு: அரளி முழுவதும் நஞ்சு, உட்கொண்டால் இதயத்துடிப்பையே குலைக்கும். வெட்டிய குச்சியை அடுப்பில் எரிப்பதும் கூடாது.

ஆகவே, சிறுகுழந்தைகள் விளையாடும் முற்றத்துக்குச் செம்பருத்தியே என் உறுதியான பரிந்துரை. தண்ணீர் எட்டாத, ஆள் நடமாட்டம் குறைந்த வேலியோரத்துக்கு அரளி.