எல்லை தாண்டி வாங்கினால் எவ்வளவு மிச்சம்? வாளையாறு, குமுளி, தடா பக்கத்துக் கணக்கு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஆந்திரத்தின் நகரியிலும் சத்தியவேட்டிலும் இருப்பவர்களைப் போலவே, இரண்டு மாநிலக் கடைத்தெருவும் கைக்கெட்டும் தூரம்தான். "அந்தப் பக்கம் வரி கம்மி" என்பது இங்கே காலங்காலமாகச் சொல்லும் பேச்சு. ஒரு காலத்தில் அது பெரும்பாலான பொருள்களுக்குப் பொருந்தியது. இன்று சில பொருள்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. எவை என்று தெரியாமல் போனால், மிச்சமாகும் காசு வண்டியின் பெட்ரோலிலேயே கரைந்துவிடும்.

பழைய நிலவரம் இது. கேரளமும் ஆந்திரமும் 2005 ஏப்ரல் 1 அன்றே வாட் வரிக்கு (மதிப்புக் கூட்டு வரி) மாறிவிட்டன. தமிழ்நாடு 2007 ஜனவரி 1 அன்றுதான் மாறியது. இடையிலிருந்த அந்த ஒன்றே முக்கால் ஆண்டு எல்லையின் இரு பக்கமும் வரி முறையே வேறாக இருந்தது. அதன் பிறகும் விகிதங்கள் ஒன்றாகவில்லை. தங்க நகைக்குத் தமிழ்நாட்டில் 1 விழுக்காடு, கேரளத்தில் சட்டப்படி 5 விழுக்காடு. கேரளத்தின் பெரிய நகைக்கடைகள் காம்பவுண்டிங் முறையில் (விற்பனைக்கு விற்பனை கணக்கிடாமல் மொத்தமாக ஒரு தொகை) கட்டியதால் பில்லில் தெரிந்த வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றாலும், கோயம்புத்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் கல்யாண நகை எடுக்க வர அதுவே போதுமான காரணமாக இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த வித்தியாசம் போயிற்று. வாளையாற்றில் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த வணிகவரிச் சோதனைச்சாவடியும் அதோடு மூடப்பட்டது.

ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பவற்றில் இங்கே முக்கியமானவை மூன்று: பெட்ரோல் டீசல், மது, வண்டிகளின் சாலை வரி. எல்லை தாண்டுவதில் இன்னும் அர்த்தம் இருக்கிறதா என்று இவற்றில்தான் பார்க்க வேண்டும். முதலாவது மிக முக்கியம்.

பெட்ரோல், டீசல்

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு மாநில வரி 13 விழுக்காடு, அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததிலிருந்து இந்த விகிதம். டீசலுக்கு 11 விழுக்காடும் 9.62 ரூபாயும்.

கேரளத்தில் பெட்ரோலுக்கு 30.08 விழுக்காடு, டீசலுக்கு 22.76 விழுக்காடு. இரண்டுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் விற்பனை வரி, இந்த வரித்தொகை மேல் 1 விழுக்காடு செஸ் (கூடுதல் வரி). போதாதென்று 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் லிட்டருக்கு 2 ரூபாய்.

ஆந்திராவில் பெட்ரோலுக்கு 31 விழுக்காடு, டீசலுக்கு 22.25 விழுக்காடு, இரண்டுக்கும் லிட்டருக்கு 4 ரூபாய், சாலை மேம்பாட்டு செஸ் 1 ரூபாய்.

மத்திய கலால் வரியும் டீலர் கமிஷனும் சேர்ந்து, மாநில வரிக்கு முந்தைய விலை பெட்ரோலுக்கு 79 ரூபாய், டீசலுக்கு 74.50 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால்:

| | தமிழ்நாடு | கேரளம் | ஆந்திரா |
|---|---|---|---|
| பெட்ரோல், மாநில வரி | 21.79 | 27.01 | 29.49 |
| பெட்ரோல், பங்க் விலை | 100.79 | 106.01 | 108.49 |
| டீசல், மாநில வரி | 17.82 | 20.14 | 21.58 |
| டீசல், பங்க் விலை | 92.32 | 94.64 | 96.08 |

ஆக, தமிழ்நாட்டில் பெட்ரோல் கேரள எல்லையில் லிட்டருக்கு 5.22 ரூபாய், ஆந்திர எல்லையில் 7.70 ரூபாய் குறைவு. டீசலில் முறையே 2.32, 3.76. டிப்போவிலிருந்து பங்க் எவ்வளவு தூரமோ அதற்கேற்ப லாரிக் கூலி ஏறும் என்பதால், மலைப்பக்கப் பங்க்குகளில் விலை சற்று மாறும். போகும் பங்க், வீட்டருகே உள்ள பங்க் இரண்டின் அன்றைய விலையையும் எண்ணெய் நிறுவனத்தின் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை 6 மணிக்கு விலை புதுப்பிக்கப்படுகிறது.

எவ்வளவு தூரம் போனால் கட்டும்? போடப்போகும் லிட்டரை விலை வித்தியாசத்தால் பெருக்கி, அதை வண்டியின் மைலேஜால் பெருக்கி, அந்தப் பக்கத்து லிட்டர் விலையால் வகுங்கள். வருவது போகவரச் சேர்த்துக் கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பைக்கில் 8 லிட்டர் போட்டால் கேரளப் பக்கத்தவருக்கு மிச்சம் 41.76 ரூபாய். அது 18.6 கி.மீ. ஓட்டத்திலேயே தீர்ந்துவிடும். ஒருவழி 9 கி.மீ.க்கு மேல் பெட்ரோலுக்காக மட்டும் போவது நட்டம். 15 கி.மீ. மைலேஜ் தரும் காரில் 30 லிட்டர் போட்டால் மிச்சம் 157 ரூபாய், தாங்கும் தூரம் ஒருவழி 11 கி.மீ. சொச்சம். ஆந்திரப் பக்கத்தில் இதே கார் ஒருவழி 17 கி.மீ. வரை தாங்கும். டயர் தேய்மானமும் நேரமும் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் இந்தத் தூரத்தில் பாதியை எல்லையாகக் கொள்வதுதான் சரி.

வேலந்தாவளம், களியக்காவிளை, ஊத்துக்கோட்டை போன்ற இடங்களில் எல்லைக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் லாபம். குமுளியிலிருந்து சுமார் 24 கி.மீ. இறங்கிக் கம்பத்தில் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்ப மலையேறுபவருக்கு, ஏற்றத்தில் மைலேஜ் விழுவதையும் சேர்த்தால், நிச்சய நட்டம். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ எப்படியும் கம்பம் போகிறவர் என்றால் கதை வேறு: அவர் ஓட்டும் தூரம் பெட்ரோல் கணக்கில் வராது, முழு வித்தியாசமும் அவருக்கே. பாலக்காட்டிலிருந்து தேசிய நெடுஞ்சாலை வழியாகக் காரில் வருபவர் பாம்பாம்பள்ளம் சுங்கக் கட்டணத்தையும் கழிக்க வேண்டும். அதைக் கழித்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

இந்த வித்தியாசம் நிலையானதும் அல்ல. தமிழ்நாட்டு வரியில் பாதிக்கு மேல் லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலைத்தொகை. கேரளத்திலும் ஆந்திராவிலும் பெரும்பங்கு விழுக்காட்டில் வருகிறது. அதனால் பெட்ரோலின் அடிப்படை விலை (மாநில வரிக்கு முந்தைய விலை) 1 ரூபாய் ஏறினால் கேரள எல்லையின் இடைவெளி 17 காசு கூடும், ஆந்திர எல்லையில் 18 காசு. கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் எல்லைப் பங்க்குகளில் வெளிமாநில வண்டிகள் கூடுவது இதனால்தான். விலை இறங்கினால் எதிர்த்திசை. அடிப்படை விலை 49 ரூபாயை ஒட்டி வந்தால் தமிழ்நாடும் கேரளமும் ஒரே விலைக்கு வந்துவிடும். மாநில அரசுகள் வரியைத் தொடாமலே இது நடக்கும். "முன்னெல்லாம் இவ்வளவு வித்தியாசம் இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை உண்மையில் வைத்து ஓட்டுபவர்கள் லாரிக்காரர்கள். சென்னையிலிருந்து வடக்கே போகும் வண்டி, ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில் நுழையும் முன்பே 300 லிட்டர் நிரப்பினால் 1,128 ரூபாய் மிச்சம், அதுவும் வழியிலேயே. வாளையாறு வழியாகக் கேரளம் போகும் வண்டிக்கு அதே 300 லிட்டரில் 696 ரூபாய். எரிபொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால், இந்தத் தொகை பின்னால் கழித்துக்கொள்ளக்கூடியது அல்ல, முழுக்கக் கைக்காசு. தொழிற்சாலைகளுக்கு வேறொரு வழி இருந்தது: பக்கத்து மாநிலத்திலிருந்து சி படிவம் கொடுத்து 2 விழுக்காடு மத்திய விற்பனை வரியில் டீசல் வாங்குவது. 2021இல் மத்திய விற்பனை வரிச் சட்டத்தைத் திருத்தி, தங்கள் எந்திரங்களுக்கு எரிபொருளாக வாங்குபவர்களுக்கு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்.

கேனில் வாங்கி வரும் பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமமில்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்க விடுகிறது. அதுவும் இறுக மூடிய உலோகக் கலத்தில், ஒரு கலம் 25 லிட்டருக்கு மிகாமல். கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். பிளாஸ்டிக் கேன் இதில் எதிலும் சேராது. ஊற்றும்போதும் குலுங்கும்போதும் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேர்ந்து, ஒரு பொறி வந்தால் மேலே நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளும். 20 லிட்டரில் மிஞ்சுவது 104 ரூபாய். அதற்காகக் குழந்தைகள் உட்காரும் காரின் பின்னால் அதை ஏற்றி வராதீர்கள்.

வடகேரளத்தில் இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. புதுச்சேரிக்குச் சேர்ந்த மாஹியில் பெட்ரோல் சுற்றியுள்ள கேரளத்தைவிட 10 ரூபாய்க்கு மேல் குறைவு. மாஹி வழியாகப் போகும் வண்டிகள் அங்கே டேங்கை நிரப்பாமல் நகர்வதில்லை.

டி.வி., பிரிட்ஜ், டைல்ஸ்

இவற்றுக்கு இரு பக்கமும் ஒரே ஜி.எஸ்.டி. விதிவிலக்காக ஒரே ஒரு காலம் இருந்தது: கேரளம் 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை, கடைசி நுகர்வோரிடம் 1 விழுக்காடு வெள்ள செஸ் வாங்கியது. 50,000 ரூபாய் டி.வி.க்கு 500 ரூபாய். அதுவும் முடிந்துவிட்டது. இன்று கோயம்புத்தூரில் ஒரு பிரிட்ஜ் மலிவாகக் கிடைத்தால் அது கடைகளுக்குள் நடக்கும் போட்டியின் விலை. வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் விலையைப் போனில் விசாரித்தாலே போதும்.

பில்லில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. வீட்டுக்கு வாங்குபவர் கேரள முகவரியைச் சொன்னால் வரி கூடுமோ என்று தயங்குகிறார். கூடாது. 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இருந்தால் அந்த மாநிலத்துக்கான விற்பனையாகவே கருதி ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜி.எஸ்.டி.) போடுவார்கள். விகிதம் அதேதான், உங்கள் மாநிலத்துக்குப் பங்கு போகும், அவ்வளவே. ஆனால் ஜி.எஸ்.டி. எண் வைத்துக் கடை நடத்துபவர் கவனமாக இருக்க வேண்டும். கவுன்ட்டரில் அவசரத்தில் உள்ளூர் விற்பனை என்று அழுத்திவிட்டால் பில்லில் மத்திய அரசின் பங்கான சி.ஜி.எஸ்.டி.யும் தமிழ்நாட்டின் பங்கான எஸ்.ஜி.எஸ்.டி.யும் விழும். கேரளப் பதிவில் அவற்றை வரவு எடுக்க (கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள) முடியாது. 18 விழுக்காடும் கைநட்டம். பணம் கொடுக்கும் முன் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணு ஆவணம். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை அது தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் பொள்ளாச்சிக் கடைக்காரர் "வேண்டாம், போங்க" என்பார். மாநிலம் தாண்டும் சரக்குக்கு வரம்பு 50,000தான், வரியையும் சேர்த்து. 80,000 ரூபாய் டைல்ஸுக்கு 18 விழுக்காட்டில் வரி 14,400. இ-வே பில் இல்லாமல் வழியில் பிடித்தால் அபராதம் அதைப் போல இரண்டு மடங்கு, 28,800. சோதனைச்சாவடி இல்லை என்பதால் சோதனையே இல்லை என்று நினைக்க வேண்டாம், பறக்கும் படைகள் உண்டு. லோடு ஏற்றும்போதே வண்டி எண்ணைப் போட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள். 200 கி.மீ. வரை ஒரு நாள் செல்லும்.

தங்கம்

எங்கும் 3 விழுக்காடு. ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் பில் வேறாகும், காரணம் செய்கூலியும் சேதாரமும். ஒரு கடை சேதாரம் 6 விழுக்காடும் இன்னொன்று 12 விழுக்காடும் போட்டால், அந்த 6 விழுக்காடு மொத்த வரியைப் போல இரு மடங்கு. அன்றைய கிராம் விலையையும் இரு மாநிலத்து நகை வியாபாரிகள் சங்கங்கள் தனித்தனியாக அறிவிக்கின்றன. எனவே ஒரே டிசைன், ஒரே எடை என்று வைத்து, வரி உட்பட மொத்தத் தொகையைக் கேட்டு ஒப்பிடுங்கள். நகையில் பொறித்த எச்.யு.ஐ.டி. என்ற ஹால்மார்க் அடையாள எண்ணையும் சரிபாருங்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். ஒரே பில்லில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க முடியாது. தேர்தல் காலத்தில் 50,000க்கு மேல் ரொக்கத்தை ஆவணமில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் பறிமுதல் செய்வார்கள்.

அரிசி, காய்கறியில் வரிக் கணக்கே இல்லை. சில்லறையாக அளந்து வாங்கும் அரிசிக்கு எங்கும் வரி கிடையாது. 25 கிலோ வரையான லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 2022 ஜூலை 18 முதல் எங்கும் 5 விழுக்காடு. ஒட்டன்சத்திரத்துக் காய் கேரளத்தில் விலை ஏறுவது லாரி வாடகையாலும் இடைத்தரகாலும்.

மது

விலை வித்தியாசம் உண்மை. கேரளம் 2023இல் 500 முதல் 999 ரூபாய் வரையான பாட்டிலுக்கு 20, 1,000க்கு மேல் 40 ரூபாய் செஸ் சேர்த்தது. ஆனால் பெர்மிட் இல்லாமல் பக்கத்து மாநிலப் பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். வணிகவரிச் சாவடிகள் போனாலும் கலால் சாவடிகள் அப்படியே இருக்கின்றன. பாட்டிலின் ஹாலோகிராம் எந்த மாநிலத்துச் சரக்கு என்று காட்டிக்கொடுத்துவிடும். வண்டியையே பறிமுதல் செய்யும் அதிகாரமும் உண்டு. ஒப்பிடவே வேண்டாத பொருள் இது.

கார்

பத்து லட்சத்துக்குக் குறைவான காருக்குத் தமிழ்நாட்டில் 10 விழுக்காடு ஆயுள் வரி என்று இருந்தவரை, உறவினர் முகவரியில் பதிவுசெய்யும் ஆசை எல்லைப் பகுதியில் பலருக்கு இருந்தது. 2023 நவம்பரில் தமிழ்நாடு விகிதத்தை ஏற்றியது. 5 முதல் 10 லட்சத்துக்கு இப்போது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 13 விழுக்காடு, ஆந்திராவில் 14. ஒரே விலையை அடிப்படையாக வைத்தால் 7 லட்சம் ரூபாய்க் காருக்கு முதல் இரண்டிலும் 91,000. 12 லட்சத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழ்: தமிழ்நாட்டின் 18 விழுக்காட்டில் 2.16 லட்சம், கேரளத்தின் 15 விழுக்காட்டில் 1.80 லட்சம்.

விகிதம் எப்படி இருந்தாலும், நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்குமோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வாங்குவது கோயம்புத்தூர் ஷோரூமில் இருக்கலாம். தற்காலிகப் பதிவில் ஓட்டிவந்து பாலக்காட்டில் நிரந்தரப் பதிவு செய்துகொள்ளலாம். குடிபெயர்ந்து வருபவர் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும்: பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல், பிறகு புதிய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 27. புதிய மாநிலத்து வரியை முதலில் கட்டி, புதிய ஆர்.சி. நகலோடு பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு தொகையும் சில மாதங்கள் கையைவிட்டுப் போயிருக்கும் என்பதால், அதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.