கேஸ் கீசரா, கரண்ட் கீசரா? முதலில் சுவரைப் பாருங்கள்

மார்கழி நெருங்கினால் கீசர் வாங்கும் பேச்சு வரும், பேச்சு நேராகச் செலவுக்குப் போகும். அதை முதலிலேயே முடித்துவிடலாம். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற, இழப்பையும் சேர்த்து அரை யூனிட்டுக்குச் சற்று மேல் கரண்ட் ஆகும். கேஸ் என்றால் ஏறக்குறைய 45 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாளி மூன்று ரூபாய்க்குள் அடங்கும். கரண்ட் பக்கம் யூனிட் 5 ரூபாய் ஸ்லாபில் நின்றால் அதே தொகை, 9 ரூபாய்க்கு ஏறினால் ஐந்து ரூபாய். ஏசி இல்லாத, ரீடிங் குறைவாக வரும் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். இதற்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தேர்வு கேஸ் கீசர். ஆனால் பாத்ரூமுக்கு வெளியே, திறந்தவெளிச் சுவரில். அப்படியொரு சுவர் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் கீசர்தான்.

கேஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் வேகம். கடைகளில் அதிகம் விற்கும் 6 லிட்டர் மாடல், நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை சுமார் 25 டிகிரி உயர்த்தித் தரும். 2 கிலோவாட் போட்ட 15 லிட்டர் கரண்ட் டேங்க், அதே 25 டிகிரி ஏற கால் மணி நேரம் எடுக்கும். அடுத்தவர் குளிக்க மறுபடி கால் மணி நேரம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் மாடல் நிமிடத்துக்கு இரண்டு லிட்டரைக்கூட அந்தச் சூட்டில் தராது. வாளியில் பிடித்துக் குளிக்கலாம், ஷவருக்குச் சரிப்படாது. ஐந்தாறு பேர் உள்ள வீட்டில், காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கரண்ட் போனாலும் கேஸ் கீசர் எரியும். பொறி கிளப்ப இரண்டு பெரிய டார்ச் பேட்டரி போதும்.

இனி, ஏன் பாத்ரூமுக்கு வெளியே என்ற விஷயத்துக்கு வருவோம். 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் மணிக்கு ஒரு கிலோ அளவு கேஸ் எரிக்கிறது. ஒரு கிலோ எல்பிஜி ஒழுங்காக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். நம் ஊர் பாத்ரூம் ஐந்தடிக்கு ஏழடி, உயரம் எட்டடி என்றால் உள்ளே இருப்பதே 8 கன மீட்டர் காற்றுதான். பத்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டால் அதில் இரண்டு கன மீட்டரின் ஆக்சிஜன் காலி. கதவுக்கு அடியில் ஈரத்துண்டு, வென்டிலேட்டர் கண்ணாடி மூடி, குளிருக்குப் பயந்து எக்ஸாஸ்ட் ஃபேன் அணைத்து என்று இருந்தால் புதுக்காற்று வர வழியே இல்லை. ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். பனிக்காலத்தில் தண்ணீர் சில்லென்று வருவதால் தீயையும் கூட்டுகிறோம், ஜன்னலையும் மூடுகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. "கேஸ் வாசனை வந்தால் தெரிந்துவிடுமே" என்று பலர் நினைப்பது தவறு. அந்த வாசனை, கசிவு தெரிவதற்காக எல்பிஜியில் கலக்கும் மெர்காப்டானுடையது. எரிந்து முடிந்த காற்றில் அது இருக்காது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு கால் துவண்டுபோகும். தாழ்ப்பாளைத் திறக்க நினைக்கும்போது கை எழாது.

20 நிமிடத்தில் தானாக அணையும் டைமர் பல மாடல்களில் உண்டு. குழாயை மூடித் திறந்தால் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும், அதை நம்பி உள்ளே மாட்ட முடியாது. புகைக்குழாய் உள்ள மாடல் தேவலை. ஆனால் குழாயைப் படுக்கையாக வளைத்து வென்டிலேட்டர் வழியே விட்டால் சூட்டுக்காற்று மேலே ஏறாமல் தேங்கும். அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி, கதவில் காற்று நுழைய வழி இல்லாவிட்டால், வெளியே போக வேண்டிய புகையை ஃபேனே உள்ளே இழுத்துவிடும். விசிறி வைத்துப் புகையைத் தள்ளும் மாடல்களும் வருகின்றன. அவற்றை நீண்ட நாள் கையாண்ட பழக்கம் குறைவு என்பதால் அவற்றுக்கு நற்சான்று தரத் தயக்கம்.

வெளியே மாட்டினால் "வெந்நீர் வந்து சேர நேரமாகுமே" என்பார்கள். அரை அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் ஒரு மீட்டருக்கு 120 மில்லிதான் தண்ணீர் நிற்கும். ஐந்து மீட்டர் என்றால் 600 மில்லி, ஆறேழு நொடியில் வந்துவிடும். சாதாரண வெள்ளை பிவிசி குழாய் போட விடாதீர்கள், சூட்டில் இளகி இணைப்பில் ஒழுகும். கீசருக்கு மேல் சன்ஷேடு அல்லது தகரக் கூரை வேண்டும். பெட்டி அடித்து மூடுவதாக இருந்தால் கீழும் மேலும் காற்று போகும்படி இடைவெளி விடுங்கள். ஜன்னலுக்கு நேர் கீழே கூடாது. அபார்ட்மென்ட்டில் எல்லா பாத்ரூம் வென்டிலேட்டரும் திறக்கும் நடு டக்டும் (வீடுகளுக்கு நடுவே உள்ள குறுகிய திறப்பு) கூடாது, உங்கள் புகை மேல்வீட்டுக்காரர் குளிக்கும் இடத்துக்குப் போகும். இன்னொன்று: சர்வீஸ் பால்கனியில் மாட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கொசுவுக்காக அதற்கு ஸ்லைடிங் கண்ணாடி போட்டு அடைப்பார்கள். அன்றோடு அது இன்னொரு பாத்ரூம் ஆகிவிடுகிறது.

சிலிண்டரும் வெளியிலேயே, நிமிர்ந்த நிலையில், தரைமட்டத்தில். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஊர்ந்து சாக்கடைத் துளையில் இறங்கும். பக்கத்தில் துளை இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வீட்டு ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அழுத்தம் தருவது, கீசரும் அதற்கேற்பச் செய்ததுதான். ஹோட்டல் அடுப்புக்கான ஹை-பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும். கம்பி வலை உள்ள ஆரஞ்சு சுரக்‌ஷா டியூப் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் டி-28 என்று இருந்தால், 2028 அக்டோபர்–டிசம்பருக்குள் மறுசோதனை என்று பொருள். தேதி கடந்தது வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு முறை மாற்றியபோதும் ரெகுலேட்டர், டியூபின் இரு முனை, கீசர் நட் ஆகியவற்றில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி ரெகுலேட்டர் அடியில் வந்தால் பெரும்பாலும் வால்வுக்குள் உள்ள ரப்பர் வாஷர்தான் போயிருக்கும்.

வாங்கும் முன் தண்ணீர் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். தண்ணீர் தள்ளும் விசையில் உள்ளே ஒரு டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) நகர்ந்தால்தான் கேஸ் திறக்கும். மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீசருக்கும் எட்டுப் பத்தடி உயர வித்தியாசம் இல்லாவிட்டால் தீ பற்றாது. கடைசி மாடி வீடுகளில் வரும் புகார் இதுதான், கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பராமரிப்பில் கண் வைக்க வேண்டியது தீயின் நிறம். நீலம் என்றால் சரி. மஞ்சள் நுனி தெரிந்தால் பர்னரில் தூசியோ சிலந்தி வலையோ, செம்புத் தகடுகளுக்கு நடுவே கரியோ இருக்கும். சுத்தம் செய்யும்வரை உபயோகிக்காதீர்கள். "டப்" என்று வெடித்துப் பற்றினால் பேட்டரி வலுவிழந்து பொறி தாமதமாகிறது, அதற்குள் கேஸ் தேங்குகிறது என்று பொருள். போர்வெல் உப்புத் தண்ணீரில் செம்புக் குழாய்க்குள் உப்பு படிந்து, தண்ணீர் மெலிந்து கொதிக்கக் கொதிக்க வரும்.

கரண்ட் கீசர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதன் நல்ல குணமே அதுதான். 16 ஆம்பியர் பாயின்ட், தனி எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), உண்மையில் வேலை செய்யும் எர்த். டேங்க் துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியம் ராடு, உப்புத் தண்ணீரில் கரைந்துகொண்டே வரும். அதை மாற்றாமல் விட்டால் டேங்க் ஓட்டையாகும். சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று அடைக்காதீர்கள். வாடகை வீடு, கடைசி மாடி, இரண்டு பேர் மட்டும் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு. அங்கே தண்ணீரே 12 டிகிரிக்கு வந்தால் 25 கூட்டினாலும் 37தான், குழாயைக் குறைத்துத் திறக்க வேண்டும். எல்பிஜியில் உள்ள பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டி ஆவியாகவே சோம்பும், வெளியே வைத்த சிலிண்டர் விடியலில் தீயைச் சிறுத்துக் காட்டும். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பாத்ரூமுக்குள் மாட்டியிருக்கிறீர்களா? இடம் மாற்றும்வரை கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள், கீசரை அணையுங்கள், வென்டிலேட்டரைத் திறந்து ஐந்து நிமிடம் விட்டு அப்புறம் குளிக்கப் போங்கள். உள்ளே போனவர் குரல் கொடுத்தும் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடைத்து முதலில் அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், கீசரை அணைப்பது அடுத்தது. 108க்கு அழைக்கும்போது கேஸ் கீசர் என்று சொல்லுங்கள். கசிவு மட்டும் என்றால் எல்பிஜி அவசர உதவி எண் 1906.