வெள்ளவத்தை மாடியில் ஐந்து ஞாயிறுகள்: அமெரிக்க காங்கிரஸ் தேர்தல் வகுப்பு

ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீத வரி என்று வாஷிங்டனில் இருந்து அறிவிப்பு வந்த காலையில், தையல் பிரிவுப் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். "அக்கா, அடுத்த மாதமும் எங்களுக்கு வேலை இருக்குமா?" என்றாள் ஒருத்தி. பிறகு அந்த வரி 20 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனாலும் அன்று வாயடைத்து நின்றது என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பு அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரசிடம்தான் கொடுத்திருக்கிறது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டது இந்த வகுப்பில்.

நடத்துபவர் அரச பாடசாலையில் அரசறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தம் வீட்டு மாடியிலேயே வகுப்பை வைத்திருக்கிறார். ஐந்து ஞாயிறுகள், மாலை 4 மணி முதல் 6 மணி வரை, மொத்தம் 4,000 ரூபாய். நாங்கள் 14 பேர். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவர், ஓய்வு பெற்ற தபாலதிபர் ஐயா, நியூ ஜேர்சியில் மகன் இருக்கும் அம்மா ஒருவர் என்று கலவையான கூட்டம். கரையோர ரயில் போகும்போது சேர் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லில் இருந்தே தொடங்குவார்.

ஐந்து வாரமும் ஒரே தேர்தல்தான்: ஜனாதிபதியின் பதவிக்கால நடுவில் காங்கிரசுக்கு நடந்த 2006 நவம்பர் 7 இடைக்காலத் தேர்தல். முதல் நாள் முடிவைச் சொல்லாமல், அந்த ஆண்டு ஒக்டோபர் மாத நிலவரத்தை மட்டும் எங்கள் முன் விரித்தார். ஜனாதிபதி புஷ்ஷின் குடியரசுக் கட்சி 1994 தேர்தலில் காங்கிரசின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையைப் பிடித்து, 12 ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறது. ஈராக் போர் நான்காவது ஆண்டில் இழுபடுகிறது. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஓர்லியன்ஸ் மக்களை அரசு கைவிட்டுவிட்டது என்ற கோபம் ஆறவில்லை. அந்தக் கட்சியின் உறுப்பினர் கன்னிங்ஹாம் 24 இலட்சம் டொலர் இலஞ்சம் வாங்கிச் சிறையில் இருக்கிறார். சபையில் அந்தக் கட்சியின் தலைவராக இருந்த டொம் டிலே பதவி விலகிவிட்டார். உறுப்பினர்களுக்குப் பரிசு கொடுத்துக் காரியம் சாதித்த அரசியல் தரகர் ஏப்ரமொஃப் விவகாரத்தில், அதே கட்சியின் உறுப்பினர் பொப் நே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். "435 ஆசனங்களில் இந்தக் கட்சி எத்தனையை இழக்கும்? எழுதி மடித்துத் தாருங்கள்" என்றார். நான் 80 என்று எழுதினேன். தபாலதிபர் ஐயா 150 என்று எழுதியிருந்தார்.

இழந்தது 30. சபை கைமாறியது, நான்சி பெலோசி முதல் பெண் சபாநாயகர் ஆனார். இருந்தாலும் அந்த எண்ணைக் கேட்டபோது மாடியே அமைதியாகிவிட்டது. நம் கணக்கு வேறல்லவா? 2020இல் 145 ஆசனம் பெற்ற பொதுஜன பெரமுன 2024இல் 3 ஆசனத்துக்கு வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2015இல் 106 ஆசனத்துடன் முன்னணி நடத்திய ஐக்கிய தேசியக் கட்சி 2020இல் ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனத்துடன் நின்றது. "அது கட்சி இரண்டாகப் பிளந்ததால் வந்தது, சேர்" என்று உயர்தரப் பிள்ளை ஒன்று உடனே மறுத்தது. சேர் அதை ஒப்புக்கொண்டு கரும்பலகையில் திருத்தி எழுதினார். அந்த இடத்தில்தான் இந்த மனிதர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஏன் 30 மட்டும் என்பதற்கு விடை மூன்றாம் வாரம் ஓர் எவர்சில்வர் தட்டில் வந்தது. 15 கௌபி ஒரு கட்சியின் வாக்காளர்கள், 10 புளியங்கொட்டை மற்றக் கட்சியின் வாக்காளர்கள். 25 விதைகளையும் ஐந்து வரிசையாக அடுக்கி, பூக்கட்டும் நூலால் ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று கௌபி, இரண்டு புளியங்கொட்டை; ஐந்தும் கௌபிக்கு. பிறகு ஒரு விதையையும் அசைக்காமல் நூலை மட்டும் வளைத்து வளைத்து மாற்றினார். இரண்டு தொகுதிகளுக்குள் ஒன்பது கௌபி நெருக்கி அடைபட்டன. மற்ற மூன்றிலும் மூன்று புளியங்கொட்டைக்கு இரண்டு கௌபி. பத்துப் பேர் பதினைந்து பேரை மூன்றுக்கு இரண்டு என்று வென்றுவிட்டார்கள். நூல்தான் தொகுதி எல்லை; பெரும்பாலான மாநிலங்களில் அந்த நூலைப் பிடித்திருப்பவர்கள் மாநிலச் சட்டமன்றத்து அரசியல்வாதிகள்தான். 2012இல் ஜனநாயகக் கட்சி நாடு முழுவதும் 10 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும், சபை 234க்கு 201 என்று குடியரசுக் கட்சியிடமே இருந்ததாம். நாங்கள் மாவட்ட விகிதாசாரத்தில் வாக்களிக்கிறோம்; எங்கள் கோபம் நேரே ஆசனமாகிறது. 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனதும் அந்த வழியில்தான். அமெரிக்காவிலோ கோபம் முதலில் நூலைத் தாண்ட வேண்டும். அன்று இரவு வீட்டில் அம்மாவுக்கு உளுந்தும் பயறும் வைத்து இதைச் செய்து காட்டினேன்.

மார்க் ஃபோலி விவகாரத்துக்கு ஒரு வாரம் முழுதும் ஒதுக்கியிருந்தார், அது சரியான முடிவு. புளோரிடாவைச் சேர்ந்த அந்த உறுப்பினர், சபையில் ஏவல் பணி செய்த பதின்ம வயது மாணவர்களுக்குத் தகாத செய்திகள் அனுப்பியது அம்பலமாகி, செப்டெம்பர் 29 அன்று பதவி விலகினார். வாக்குச்சீட்டில் பெயரை மாற்றக் காலம் கடந்துவிட்டது. ஆகவே கட்சி நிறுத்திய புதிய வேட்பாளர் ஜோ நெக்ரோனுக்கு வாக்களிக்க விரும்பியவர், ஃபோலியின் பெயருக்கு நேரே அடையாளமிட வேண்டியிருந்தது. நெக்ரோன் சிறு வித்தியாசத்தில் தோற்றார். வென்ற ஜனநாயகக் கட்சிக்காரர் மஹோனி இரண்டே ஆண்டில் தம் சொந்த ஒழுக்கக்கேட்டு விவகாரத்தால் அதே ஆசனத்தை இழந்தார்.

கட்சியை வீழ்த்தியது போர்தான், ஃபோலி அல்ல என்பது சேரின் முடிவு. இங்கே நான் அவருடன் உடன்படவில்லை. அந்த மாணவர்களைக் காப்பதில் சபைத் தலைமை அசட்டையாக இருந்தது என்று சபையின் ஒழுக்கக் குழுவே பின்னர் சொன்னது. நியூ ஜேர்சி அம்மா எழுந்து, "பிள்ளைகளை நம்பி அனுப்பிய இடம் அது. தெரிந்தவர்கள் வாய் மூடி இருந்தார்கள் என்றால் எந்தத் தாய் அந்தக் கட்சிக்குப் போடுவாள்?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் ஈராக்கை விட ஊழலையே 'மிக முக்கியம்' என்று சொன்னவர்கள் அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். சேர் பதிலுக்கு 1998ஐ எடுத்துவைத்தார். ஜனாதிபதி கிளின்டனின் பாலியல் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோதும் அவர் கட்சி 5 ஆசனங்களைக் கூடுதலாகப் பெற்றது. அவரைத் துரத்திய குடியரசுக் கட்சியின் கிங்ரிச்தான் சபாநாயகர் பதவியை விட்டுப் போனார். வயிறு நிறைந்திருந்த ஆண்டு அது என்றார். இந்த வாதம் ஆறரை மணி வரை ஓடியது. இஞ்சி போட்ட பிளேன்ரீ இரண்டாம் முறை வந்தது.

2006இல் இந்தத் தேர்தலை நான் கவனிக்கவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை, நவம்பர் 10, நாரஹேன்பிட்டியில் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். கொழும்பில் நாங்கள் வீட்டை விட்டு வெளியே போகவே அஞ்சிய வாரம் அது. வகுப்பில் அந்தத் திகதியை நான் சொன்னபோது சேர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

குறைகள் உண்டு. தொகுதி வரைபடங்களின் போட்டோகொப்பி மங்கி, கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. நூல் பாடத்துக்குக் கோடுதானே உயிர்? காங்கிரசின் மேற்சபையான செனட்டுக்கு கடைசி நாளில் 20 நிமிடம் மட்டும் கிடைத்தது. வேர்ஜீனியாவில் இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரை இழிசொல்லால் அழைத்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜோர்ஜ் அலன், 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 9,000 சொச்சத்தால் தோற்று, செனட்டே கைமாறியது. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வாரப் பாடம். அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

2026 நவம்பர் 3 தேர்தலுக்கு முன் இன்னொரு சுற்று நடத்தப் போவதாகச் சொன்னார், நான் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன். தையல் பிரிவில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போகிறேன். அவர்களுக்குப் பாதிக் கட்டணம் போதும் என்றார். 100, 101 இலக்க பஸ்களில் வருபவர்கள் காலி வீதியில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். மாடிப்படி செங்குத்தானது, கைபிடியும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் நாளே சொன்னால் வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றிக்கொள்கிறார்.