மைஃபோர்டு லேத்துக்குப் புது சக்: நேர் மரையா, பேக் பிளேட்டா, அடாப்டரா?

கோவையில் மூடப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய மைஃபோர்டு எம்.எல்.7 லேத் (கடைசல் மெஷின்) ஒன்றை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இங்கிலாந்தின் பீஸ்டனில் செய்த மெஷின். பெட் (மெஷினின் அடித்தளம்) நன்றாக இருந்தது, சுழலும் தண்டான ஸ்பிண்டிலும் நன்றாக இருந்தது. கூட வந்த மூன்று ஜா சக்தான் (ஸ்பிண்டில் நுனியில் ஏறி, வேலைத் துண்டை மூன்று தாடையால் பிடிப்பது) போய்விட்டது. ஜா முன்பக்கம் தேய்ந்து வாய் அகன்றிருந்ததால், பிடித்த கம்பி நுனியில் ஆடியது. சரி, புது சக் வாங்கிவிடலாம் என்று இறங்கியபோதுதான் மூன்று வழி இருப்பது தெரிந்தது. ஸ்பிண்டிலின் மரையே உள்ளே வெட்டப்பட்ட நேர் மரை சக் ஒன்று. பின்பக்கம் மொட்டையான சக்கை வாங்கி, அதற்கு நாமே பேக் பிளேட் (சக்கின் பின்னால் போல்ட்டில் மாட்டி, ஸ்பிண்டிலில் ஏறும் தட்டு) கடைந்து மாட்டுவது இன்னொன்று. வேறு மரை உள்ள சக்கை அடாப்டர் வைத்து ஏற்றுவது மூன்றாவது.

நான் இப்போது ஓட்டுவது பேக் பிளேட். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

முதலில் ஸ்பிண்டில் நுனியைப் பார்த்துவிடுவோம். மைஃபோர்டு 7 வரிசை லேத்களில் மரை 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை, 55 டிகிரி கோணமுள்ள விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை வகை). அதற்குப் பின்னால் மரையே இல்லாத 1¼ அங்குலக் கழுத்து, அதாவது 31.75 மி.மீ. அதற்கும் பின்னால் தட்டையான ஷோல்டர் (தோள் போன்ற முகம்). இந்த மூன்றுக்கும் வேலை வேறு வேறு. மரை சக்கை உள்ளே இழுக்கும், அவ்வளவுதான். கழுத்துதான் சென்டரில் நிறுத்தும். சக் கோணாமல் நேராக உட்காருவது ஷோல்டரால். "மரை இறுக்கமாக ஏறுது, துளி ஆட்டமில்லை, நல்ல சக்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அது நேர் தலைகீழ். மரை கொஞ்சம் லூஸாக, கடைசிச் சுற்று வரை கையாலேயே ஏற வேண்டும். மரை இறுக்கமாக இருந்தால் கழுத்தை அதன் வேலையைச் செய்யவிடாது. சக் மரையின் போக்குக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

நான் முதலில் வாங்கியது நேர் மரை சக். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வாங்கினோமா, மாட்டினோமா என்று வேலை முடியும்; நடுவில் இன்னொரு தட்டு இல்லாததால் சக் ஸ்பிண்டிலுக்கு ஒட்டி நிற்கும், முன்னால் தொங்கும் நீளம் குறையும். வந்த சக்கின் மரையும் அருமையாக ஏறியது. டயல் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் ஒரு முறை மாட்டும்போது 0.04 மி.மீ. அவுட் (சென்டரிலிருந்து விலகிய ஆட்டம்), கழற்றி மாட்டினால் 0.12, இன்னொரு முறை 0.07. நிலையாக 0.08 காட்டினால்கூட அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் மாறினால் என்ன செய்வது?

ஒரு மார்க்கர் பேனாவால் ஸ்பிண்டில் ஷோல்டர் முழுக்க நீலம் பூசி, சக்கைக் கையால் ஏற்றிக் கழற்றினேன். வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்தால், நீலம் ஏறக்குறைய ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைதான் அழிந்திருந்தது. மீதி வட்டம் பூசியபடியே இருந்தது. சக்கின் பின்முகம் மரைக்கு நேராக இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. கழுத்துத் துளையையும் அளந்தேன்: 31.95. அதாவது 0.2 மி.மீ. காலி. சக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது மரை மட்டும்தான்.

திருத்த முடியாதா என்றால் முடியும். துளையைப் பெரிதாக்கி ஒரு புஷ் (உள் வளையம்) ஒட்டி, மறுபடி 31.75க்கு போர் செய்யலாம், அதாவது துளையை உள்ளே கடையலாம். ஆனால் அதைச் செய்ய அந்த சக்கையே வேறு லேத்தில், அதன் மரைக்கு நேராக, பிடித்தாக வேண்டும். வீட்டு மெஷினில் அது ஆகிற காரியமில்லை. நல்ல தரத்தில் செய்த நேர் மரை சக் இப்படி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நல்ல பிராண்டு கிடைத்து, விற்பவர் டயல் வைத்துக் காட்டினால் தாராளமாக வாங்குங்கள். நான் தீர்ப்புச் சொல்வது எனக்கு வந்த ஒன்றை வைத்துத்தான்.

அடாப்டர் பற்றிச் சுருக்கமாக. நண்பர் ஒருவர் ¾ அங்குலம் 16 மரை சக் ஒன்றை அடாப்டரோடு கொடுத்தார். இரண்டு மாதம் ஓட்டினேன். இரண்டு மரை, இரண்டு ஷோல்டர். ஒவ்வொன்றின் அவுட்டும் அடுத்ததன் மேல் ஏறி உட்காரும். சக் 25 மி.மீ. போல முன்னால் தள்ளிப் போய்விட்டதால் பார்ட்டிங் டூல் (கம்பியைத் துண்டாக வெட்டுவது) அதிர்ந்தது. மரக்கடைசலுக்கு இது போதும் என்று தோன்றுகிறது; நான் மரம் கடைவதில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இனி பேக் பிளேட். 100 மி.மீ. மொட்டைப் பின்பக்க சக் வாங்கினேன். கே11 வகை, பின்னால் 72 மி.மீ. குழி, 84 மி.மீ. வட்டத்தில் மூன்று எம்8 போல்ட். தட்டுக்கு வார்ப்பிரும்பு. கோவையில் பவுண்டரிக்குப் பஞ்சமில்லை, துண்டு சுலபமாகக் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டை லேத்தில் பிடித்து மரை வெட்டும்போது, அது ஸ்பிண்டிலில் ஏறுகிறதா என்று பார்க்க முடியாது. ஸ்பிண்டில்தான் அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறதே. அதனால் முதலில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியில் ஸ்பிண்டில் நுனியின் நகல் ஒன்றைக் கடைந்தேன். அதே மரை, அதே 31.75 கழுத்து, அதே ஷோல்டர். இரண்டு சாயங்காலம் ஆனது. வீண் வேலை என்று அப்போது நினைத்தேன். இப்போது என் பட்டறையில் அதிகம் கைபடும் பொருள் அதுதான்.

பிறகு தட்டைப் பழைய சக்கிலேயே பிடித்தேன். அதன் தேய்மானம் இங்கே பாதிக்காது. கழுத்துத் துளை, மரை, ஷோல்டரில் உட்காரும் பின்முகம் மூன்றையும் கழற்றாமல் ஒரே பிடியில் முடித்தால், ஒன்றுக்கொன்று நேராகத்தான் இருக்கும். துளையை 26.1 மி.மீ. வரை போர் செய்து, 55 டிகிரி டூலால் மரை வெட்டினேன். லீட்ஸ்குரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் திருகு) அங்குலக் கணக்கு என்பதால் 12 மரைக்குக் கியர் தொந்தரவு இல்லை. நகல் கம்பி சுலபமாக ஏறியதும் மரையை நிறுத்தி, கழுத்துத் துளையில் மட்டும் நேரம் செலவழித்தேன். எண்ணெய் தடவிய நகல் கையால் தள்ளினால் மெதுவாகப் போக வேண்டும், ஆடக்கூடாது. துளை வாயில் முதல் மரையைக் கொஞ்சம் சரித்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அரை மரை தட்டி, ஷோல்டர் வரை சக் போகாது.

மரை வெட்டப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வழி: 1⅛ அங்குலம் 12 மரை யு.என்.எஃப். டேப் (அமெரிக்க வகை மரையைத் துளைக்குள் வெட்டும் கருவி) கிடைக்கும். விட்டமும் பிட்சும் அதேதான், கோணம் மட்டும் 60 டிகிரி. மரையின் பக்கங்கள் முழுசாகப் படியாது. ஆனால் கழுத்து சரியாக இருந்தால், இழுக்கிற வேலைக்கு அது போதும். என் நண்பர் அப்படிச் செய்த தட்டு நன்றாகவே ஓடுகிறது. நீண்ட காலம் எப்படி நிற்கும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் தட்டை ஸ்பிண்டிலில் ஏற்றி, அங்கேயே முகத்தைக் கடைந்து, 72 குழிக்குள் போகும் படியை 71.8க்கு விட்டேன். படி குழியின் ஆழத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். சக் முகத்தில் உட்கார வேண்டும், குழியின் அடியில் அல்ல. அந்த 0.2 மி.மீ. காலி வேண்டுமென்றே விட்டது. போல்ட்டை அரை இறுக்கத்தில் வைத்து, டயலைப் பார்த்துக்கொண்டே செம்புச் சுத்தியலால் தட்டி, 20 மி.மீ. கம்பியில் அவுட்டை 0.01க்குக் கொண்டுவர முடிந்தது. 10 மி.மீ. கம்பி பிடித்தால் 0.04 காட்டுகிறது, ஏனென்றால் ஸ்க்ரோலின் (மூன்று ஜாவையும் சேர்த்து நகர்த்தும் சுருள் தட்டு) பிழை விட்டத்துக்கு விட்டம் மாறும். படி டைட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. விட்டு விட்டு விழும் கனமான கட் எடுப்பவர்களுக்கு அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். என் வேலை பெரும்பாலும் 30 மி.மீ.க்குள். இரண்டு வருடமாக சக் நகரவில்லை.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். சக்கைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் ஷோல்டருக்கும் தட்டுக்கும் நடுவில் பிசிறு சிக்கும், முகம் நசுங்கும். ஒரு தடவை சக் பெட்டில் விழுந்து தட்டின் ஓரம் அடி வாங்கியது. டயல் 0.06க்குப் போய்விட்டது. அன்று மாலையே பின்முகத்தில் எழும்பிய பிசிறை எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிட்டு, தட்டை ஏற்றி, முன்முகத்தில் 0.1 மி.மீ. கட் ஒன்று எடுத்தேன். சக்கை மாட்டி நாலு தட்டு தட்டியதும் பழைய நிலை வந்துவிட்டது. நேர் மரை சக்கில் இதைச் செய்ய இடமே கிடையாது. அடுத்த முறை சக்கே தேய்ந்து போனாலும் தட்டு இருக்கும். நாளைக்கு வேறு லேத் வாங்கினால், சக்கை எடுத்துக்கொண்டு புதுத் தட்டு செய்தால் போதும்.

ஏற்கெனவே கையில் உள்ள சக்கின் மரை இறுகினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே ஒட்டிய தூளை. கெட்டிக் கம்பியின் நுனியைக் கூராக்கி வளைத்து, மரைப் பள்ளத்தில் வைத்து ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். எவ்வளவு கரித்தூள் வருகிறது என்று தெரியும். கிரைண்டிங் பேஸ்ட் தடவி ஏற்றி இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். சக் மரையோடு ஸ்பிண்டிலும் சேர்ந்து தேயும், மாற்று ஸ்பிண்டில் சுலபத்தில் கிடைக்காது. மரை லூஸ் என்றால் அதற்கு வைத்தியமே வேண்டாம். டெஃப்லான் டேப் சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சக்கை ஷோல்டரிலிருந்து தள்ளித்தான் நிறுத்தும். கழுத்து லூஸாக இருக்கிறதா, ஷோல்டர் முழுக்க ஒட்டுகிறதா என்பதை மார்க்கர் நீலம் பூசிப் பாருங்கள்.

ரிவர்ஸில் ஓட்டினால் சக் கழன்று வரும் ஆபத்து மூன்று வழிக்கும் ஒன்றுதான். அதனால் அதை ஒப்பிடவில்லை. இப்போது நான்கு ஜா சக்குக்கும் ஒரு தட்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். நகல் கம்பி தயாராக இருப்பதால் இந்த முறை மரை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது.