கண் அரிப்புக்கு "சாதாரண சொட்டு" என்று கொடுத்தது ஸ்டீராய்டு: பிள்ளைகளுக்குப் போடுகிறவர்கள் கவனிக்கவும்

என் மகனுக்கு 9 வயது. வெயில் ஏற ஏற கண் சிவந்துவிடும், ஓயாமல் தேய்ப்பான், காலையில் கண்ணோரத்தில் நூல் மாதிரி இழுபடும் வெள்ளைப் பீளை, வகுப்பில் வெளிச்சம் தாங்காமல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருப்பான். எங்கள் பகுதியில் கூட்டம் மொய்க்கும் ஒரு தனியார் கண் கிளினிக்கில் "அலர்ஜிதான், அரிக்கும்போதெல்லாம் இதைப் போடுங்க" என்று சொட்டு கொடுத்தார்கள். மறுநாளே கண் தெளிந்துவிடும், நிறுத்தினால் பழையபடி வந்துவிடும், போனால் அதே சொட்டு. ஸ்டீராய்டா என்று நேராகவே கேட்டேன். "சேச்சே, சாதாரண சொட்டுங்க" என்றார்கள். அட்டைப்பெட்டியும் தர மாட்டார்கள், வெறும் பாட்டில்தான், அதன் லேபிள் மேலேயே போடும் முறையை எழுதி ஒரு ஸ்டிக்கர். வருஷக்கணக்கில் இப்படியே ஓட்டினார்கள், ஒரு தடவைகூட கண் அழுத்தம் பார்க்கவில்லை.

பையன் போர்டு சரியாகத் தெரியவில்லை என்றதும் வேறு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டரம்மா அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்க வேண்டும், இவனுக்கு 34. வலது கண்ணில் பார்வை நரம்பு கொஞ்சம் பாதிக்கப்பட்டுவிட்டது, அது இனி திரும்பாது. வயிறு எரிகிறது.

இந்த நோய்க்குப் பெயர் வி.கே.சி., அதாவது வெர்னல் கெரட்டோகன்ஜங்டிவைடிஸ். வெப்பமும் வறட்சியும் உள்ள ஊர்களில் அதிகம், அதிலும் பையன்களுக்கு. மேல் இமையைப் புரட்டினால் உள்ளே கூழாங்கல் பரப்பியது போல முண்டு முண்டாக இருக்கும். பெரும்பாலும் வயதுக்கு வந்த பிறகு தானாக அடங்கிவிடும், ஆனால் அதுவரை பல வருஷம் வந்து வந்து போகும், அதனால்தான் ஸ்டீராய்டையே நம்பி ஓட்டக் கூடாது, குளுக்கோமாவும் (கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) கண்புரையும் வரும். ஸ்டீராய்டே ஆகாது என்று சொல்லவில்லை. கருவிழியில் புண் வரும் அளவுக்கு முற்றினால் அது தேவைதான், ஆனால் கொஞ்ச நாளைக்கு, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, அழுத்தம் பார்த்துப் பார்த்து. இப்போது போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போது இவனுக்கு அலர்ஜியை அடக்கும் ஒலோபடடின் சொட்டும் சைக்ளோஸ்போரின் சொட்டும் போகிறது, இரண்டும் ஸ்டீராய்டு இல்லை. சைக்ளோஸ்போரின் முதலில் எரியும், அழுவான், பலன் தெரியவும் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அழுத்தத்தை ஏற்றாது. அதற்கும் அடங்காவிட்டால் டாக்ரோலிமஸ் 0.03 சதவீத களிம்பு இருக்கிறதாம். யாருக்கும் தெரியாத வைத்தியம் இல்லை இது: வி.கே.சி.க்கென்றே 0.1 சதவீத சைக்ளோஸ்போரின் சொட்டுக்கு ஐரோப்பாவில் 2018-லும் அமெரிக்காவில் 2021-லும் அனுமதி கிடைத்துவிட்டது. அந்தக் கிளினிக்கில் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சொட்டு வாங்கும்போது பெட்டியோடு, பில்லோடு கேட்டு வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், இதில் எது இருந்தாலும் ஸ்டீராய்டுதான். எப்போது நிறுத்த வேண்டும், அழுத்தம் எப்போது பார்ப்பீர்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

பழைய ஃபைலைக் கேட்டால் அந்தக் கிளினிக்கில் தர மறுக்கிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி கேட்ட 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும். எழுத்துமூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன், தராவிட்டால் அடுத்தது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார்.