பழைய 1060-ஐ ரிப்பேர் செய்வதா, வேறு கார்டு வாங்குவதா?

ஏழு வருடம் உழைத்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற கார்டு). ஒருநாள் கேம் நடுவே திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள் வந்து அப்படியே உறைந்தது. வேறு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை), நண்பன் வீட்டு சிஸ்டம், எதில் மாட்டினாலும் அதே கட்டம்தான், ஆக கார்டுதான் குற்றவாளி. ரிப்பேரா, புதுசா என்று விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பு, கார்டில் எது போயிருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கணக்கே போட முடியாது.

ஃபேன் சுற்றவில்லை, சூடேறி அணைகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், தெர்மல் பேட், ஃபேன் மாற்றினால் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், சுத்தமாக உயிரே இல்லாத கார்டும் பல நேரம் சுலபமான கேஸ்தான்: 12 வோல்ட் லைனில் ஒரு குட்டி கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும், அதை மாற்றினால் எழுந்துவிடும். படம் காட்டிக்கொண்டே கட்டம் போடுவதுதான் வில்லங்கம், ஏனென்றால் அது மெமரியாக இருக்கலாம், நடுவிலிருந்து கணக்கெல்லாம் போடும் பெரிய சிப்பாகவும் (ஜிபியு) இருக்கலாம்.

பெரிய சிப் என்றால் விட்டுவிடுங்கள். ஹாட் ஏர் அடித்து, ஓவனில் (அடுப்பில்) வைத்து எழுப்பியதாகக் காட்டுவார்கள், சிப்புக்குள் விட்டுப்போன இணைப்பு சூட்டில் தற்காலிகமாக ஒட்டிக்கொள்வதுதான் அது, சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

எனக்கு மெமரி. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் மெமரி வேகத்தைக் குறைத்ததும் கட்டங்கள் அடங்கியதில் சந்தேகம் வந்தது, சென்னை ரிச்சி தெருவில் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) டெஸ்ட் போட்டு ஆறு மெமரி சிப்பில் ஒன்று போயிருக்கிறது என்றார்கள். மாற்ற 3,500 ரூபாய், செத்த கார்டிலிருந்து கழற்றிய சிப், ஒரு மாத வாரண்டி. "மத்த அஞ்சும் அதே வயசுதான் சார்" என்று கடைக்காரரே சொன்னார், நல்ல மனுஷன்.

இன்னொரு பக்கம் ஏஎம்டியின் புது கார்டு ஆர்எக்ஸ் 6600, நான் பார்த்தபோது சுமார் 20,000 ரூபாய். 8 ஜிபி, 132 வாட்தான், 1060-இன் 120 வாட்டோடு பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை, அதனால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதில்லை (கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பலர் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்க்கிறார்கள்). செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 தேடினேன், கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடி வெந்த கார்டுகள் போதாதென்று 2048எஸ்பி என்ற ரகமும் கலந்து கிடக்கிறது, பெயர்தான் 580, உள்ளே அதைவிட வேகம் குறைந்த 570. வேண்டாம் சாமி.

என் முடிவை மாற்றியது விலையல்ல, டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்). 1060 இருக்கிற பாஸ்கல் வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். ரே டிரேசிங் (ஒளி விழுவதை நிஜம்போலக் கணக்கிடும் முறை) கட்டாயம் என்று வருகிற கேம்கள் அதில் ஓடவே ஓடாது. அதற்கு 3,500 எதற்கு? இதே கோளாறு அதைவிடப் புதிய, வேகமான ஆர்டிஎக்ஸ் 3080-இல் வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் ரிப்பேருக்குத்தான் கொடுத்திருப்பேன்.

6600 வாங்கிவிட்டேன். 1060 இப்போது மெமரி வேகம் குறைத்த நிலையில் அக்கா பையனின் சிஸ்டத்தில் யூடியூப் ஓட்டிக்கொண்டிருக்கிறது, இதுவரை கட்டம் வரவில்லை.