சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர்: சேலத்தில் பிரேக் மாற்றிய கதை

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளின் எண்கள் 20இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். பதினொன்றைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் கையில் நடுங்கியது, வண்டி இடப்பக்கம் இழுத்தது. அடுத்த வளைவுக்குள் கருகிய வாடை வந்துவிட்டது. பின்னால் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அகலமான ஓர் இடம் பார்த்து ஓரங்கட்டினேன். அப்பா இறங்கி, தொடாமல், முன்சக்கரங்களின் அருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் சூடு. இடப்பக்கம் அனல்.

அரைமணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தோம். என் ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் இதற்கே போயிற்று. ஊருக்கு வரும் என்னைப் போன்றவர்கள் பெற்றோரின் காரை எடுத்துக்கொண்டு நேரே மலை ஏறுகிறோம். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கார் அப்பாவுடையது, 2016இல் வாங்கியது. நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். மற்ற மாதங்களில் அது கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே போய்வரும், மழைக்காலம் முழுவதும் வாசலில் நிற்கும். ஓடவே இல்லாத வண்டிக்கு என்ன தேய்மானம் என்பது அப்பாவின் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் வீட்டருகே இருந்த கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், பிரேக்கை மிதித்தால் அதை இரு பக்கமும் நெருக்கிப் பிடிப்பவை பேட்கள். "பேட் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும். டிஸ்க்கை மட்டும் லேத்தில் கொடுத்துச் சீவிவிட்டால் நடுக்கம் போய்விடும்" என்றார். சக்கரத்தைக் கழற்றவில்லை. கேள்வி கேட்டது நான், பதில் போனது அப்பாவுக்கு. உள்பக்கத்துப் பேட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுபோலத்தான் தேயும்" என்று அப்பாவைப் பார்த்தே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. மரியாதைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம், பார்க்காத ஒன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

சித்தப்பா சொன்னதன் பேரில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம். தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம், ஒரே நேரத்தில் மூன்று வண்டிக்கு இடம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரம் என்பதால் பையன்கள் பாதிப்பேர் லீவு. பட்டறையின் மெக்கானிக், அன்று நேரம் இல்லை, நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தத் தெளிவே எனக்குப் பிடித்தது. ஏற்காடு ரோட்டில் இருப்பதால், ஞாயிறு மாலையானால் வாடை அடிக்கும் வண்டிகள் அவர் வாசலுக்கு வந்துவிடுமாம்.

மறுநாள் இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றினார். ஜாக்கியை மட்டும் நம்பாமல், கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்கவைத்தார். பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் திறந்து நான்கு பேட்களையும் உருவி, ஒரு செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, "கண்ணு, இங்கே வந்து பார்" என்று என்னைக் கூப்பிட்டார்.

இடப்பக்கத்து வெளிப் பேட்டில் தேயும் பகுதி நான்கு மில்லிமீட்டருக்குமேல் இருந்தது. முதல் கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தது அதைத்தான். அதே சக்கரத்தின் உள் பேட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு மூலையில் அதன் முதுகிலிருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருந்தது. மூன்று மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிட வேண்டும்.

காரணத்தையும் காட்டினார். இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது உள் பேட்டைத் தள்ளும்போது, காலிப்பர் முழுவதும் பின்கள் எனப்படும் இரண்டு இரும்புத் தண்டுகள்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப் பேட்டையும் டிஸ்க்கின்மேல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நின்று நின்று கிரீஸ் காய்ந்து, துரு ஏறி, ஒரு பின் இறுகிப்போயிருந்தது. காலிப்பர் நகராததால் எல்லா வேலையும் உள் பேட் தலையில் விழுந்திருக்கிறது. மிதியை விட்ட பிறகும் அது முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இடச்சக்கரத்தின் அனலும் வண்டி இழுத்ததும் அதனால்தான். ஓடாமல் நின்றதே வண்டியைக் கெடுத்திருக்கிறது என்று புரிந்தபோது அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு டிஸ்க். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வரம்பு எழும்பியிருந்தது. மைக்ரோமீட்டர் வைத்து மூன்று நான்கு இடங்களில் தடிமனை அளந்தார். இடம் 17.2 மில்லிமீட்டர், வலம் 17.6. டிஸ்க்கின் ஓரத்தில் துருவைத் துடைத்துவிட்டு, அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவைப் படிக்கச் சொன்னார்: 18. ஏற்கெனவே அளவுக்குக் கீழே போய்விட்டதை லேத்தில் கொடுத்து இன்னும் சீவினால் என்ன ஆகும்? மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது, வெடிப்பு விடும். இந்த மலைக்கு அது ஆகாது என்றார்.

இந்த மலையின் கணக்கை நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேட்டிலும் பின்சக்கர டிரம் பிரேக்கிலும்தான் இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பஸ் டிரைவர்கள் சொல்வதை வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பதில் மெக்கானிக் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் மறுபேச்சு பேசவில்லை. அவர் எழுதிக் கொடுத்த பாகங்களின் எண்ணை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் நகருக்குள் போய், பில்லோடு, பெட்டி பிரிக்காமல் வாங்கிவந்தோம்.

வேலையை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காலிப்பரைப் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி கட்டி ஸ்பிரிங்கில் மாட்டினார். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகும்வரை தேய்த்தார். அங்கே துருத் துணுக்கு ஒன்று இருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து மறுபடி நடுக்கம் வரும். புது டிஸ்க்கின்மேல் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்தார். இறுகிய பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று இருக்கும் கிரீஸை அளவாகத் தடவினார். பேட் தூளைக் காற்றடித்து ஊதவில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அந்தக் காலத்துப் பேட்களில் மூச்சில் போனால் கேடான கல்நார் இருக்கும், அந்தப் பழக்கம் என்றார். ஆனால் அவரிடம் வேலை செய்யும் பையன் ரப்பர் செருப்போடு, கையுறை இல்லாமல் இருந்தான். அந்த டிஸ்க் ஒன்று கால்மேல் விழுந்தால் விரல் நசுங்கிவிடும். கிளம்பும்போது இதைச் சொன்னேன். வாங்கித் தருவதாகச் சொன்னார், தருவார் என்று நம்புகிறேன்.

பிரேக் ஆயில் கறுத்த டிகாக்ஷன் போல இருந்தது. ஒன்பது ஆண்டில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஈரம் சேர்ந்தால் 155க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியைத்தான் மிதி அமுக்கும், சக்கரம் நிற்காது. மாற்றும்போது மிதியை மிதிக்க நான் உட்கார்ந்தேன். "அழுத்து, பிடி, விடு" என்று கீழேயிருந்து அவர் குரல். கண்ணாடிக் குழாயில் குமிழிகள் நின்று தெளிந்த ஆயில் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் செய்தோம்.

டிஸ்க் இரண்டும் 3,400 ரூபாய், பேட் செட் 1,450, ஆயில் 300, கூலி 1,000. ஆக 6,150. சென்ற ஆண்டு லெஸ்டரில் இதே வேலைக்கு 260 பவுண்டு கொடுத்தேன். விலை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு உறைத்தது வேறு. பிரிட்டனில் கார் மூன்று வயதானதும் ஆண்டுதோறும் எம்ஓடி என்னும் தகுதிச் சோதனைக்குப் போகவேண்டும். பிரேக் தேய்ந்துவந்தால் அந்தச் சோதனையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அதுவரை சக்கரத்தைக் கழற்றிப் பார் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. எழுபது வயதுத் தகப்பனின் காரை அப்படி விட்டுவிட்டு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். விடியற்காலையில் ஓமலூர் ரோட்டில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 60 வேகத்திலிருந்து 20க்கு மெல்லக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடியும் குறைத்து, இருபது முறைபோலச் செய்தேன். பேட் டிஸ்க்கில் சீராகப் படிவதற்காக.

அடுத்த வாரம் அம்மா கேட்டபடி ஏற்காட்டு மலைமேல் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். இறங்கும்போது நல்ல பனிமூட்டம். இரண்டாவது கியர், வளைவுக்கு முன்பு மட்டும் பிரேக், ஸ்டியரிங் அசையவில்லை. அடிவாரத்தில் நிறுத்தியதும் அப்பா இறங்கிப்போய் இரண்டு சக்கரத்தின் அருகேயும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடு. வீட்டுக்கு வந்து, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் குறித்து, அதன் கீழே எழுதினார்: "பொங்கலுக்கு முன் சக்கரம் கழற்றி உள் பேட் பார்க்கவும்."